பதினான்கு பேர் காட்டிய கட்டுரை

அத்தியாயம் 9

கடிதத்தின் அடியில் இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. ஒன்றில் சேனாதிபதி நேற்றே போட்டுவிட்டார். இன்னொன்று ரோகிணிக்கு.

வெள்ளிக்கிழமை காலை. மாலை ஐந்து மணிக்குள் அந்தக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பியாக வேண்டும்.

செண்பகனூரில் உள்ள இந்த வீட்டின் சாப்பாட்டு மேசைதான் பத்தொன்பது ஆண்டுகளாக ‘மலைப்பயிர்’ ஆய்விதழின் அலுவலகம். ஆண்டுக்கு நான்கு இதழ், இதழுக்குப் பத்துக் கட்டுரை. மலைவாழை, காப்பி, மிளகு, பூண்டு என்று மலையில் விளைவதைப் பற்றிய ஆராய்ச்சி. சேனாதிபதி ஆசிரியர். மனைவி ரோகிணி துணை ஆசிரியர். ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் வரும் மேற்கோள் பட்டியலைச் சரிபார்ப்பது அவள் வேலை. யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்த இதழ், எத்தனையாவது பக்கம் என்று வரி வரியாகப் பார்ப்பாள்.

அந்தப் பட்டியல்களைப் பற்றித்தான் போன வாரம் கேள்வி வந்திருந்தது. கேட்டது, ஆய்விதழ்களைத் தரம் பிரிக்கும் ஒரு வெளிநாட்டு அமைப்பு.

தரம் பிரிப்பது என்றால் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் வகுத்தல் கணக்குதான். இரண்டு ஆண்டுகளில் ‘மலைப்பயிர்’ வெளியிட்ட கட்டுரைகள் எண்பது. அடுத்த ஆண்டில் மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் அவற்றை மேற்கோள் காட்டியது தொண்ணூற்றாறு முறை. தொண்ணூற்றாறை எண்பதால் வகுத்தால் 1.2. இந்த எண் ஒன்றுக்கு மேலே இருந்தால் இதழ் பட்டியலில் இருக்கும். அதில் எழுதியவர்களுக்குப் பட்டமும் பதவி உயர்வும் கிடைக்கும். ஒன்றுக்குக் கீழே போனால் இதழை யாரும் சீண்ட மாட்டார்கள்.

அந்த அமைப்பில் யாரோ ஒருவர் கழித்தல் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டார். தொண்ணூற்றாறில் எழுபத்தொன்று வெளியிலிருந்து வரவில்லை. ‘மலைப்பயிரில்’ எழுதியவர்களே ‘மலைப்பயிரை’ மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதைக் கழித்தால் மிச்சம் இருபத்தைந்து. வகுத்தால் ஒன்றில் மூன்றிலொரு பங்குகூடத் தேறாது.

இது தானாக நடந்ததா, ஆசிரியர் கேட்டு நடந்ததா என்பதுதான் கேள்வி.

சேனாதிபதி எழுதிய பதில் நான்கு வரி. ஆசிரியர் குழு யாரையும் எதையும் மேற்கோள் காட்டச் சொன்னதில்லை, எல்லாம் எழுதியவர்களின் சொந்த முடிவு என்றது அது. அதில்தான் ரோகிணி கையெழுத்துப் போட வேண்டும்.

நடந்தது வேறு. ஒரு கட்டுரை தேறிவிட்டால் எழுதியவருக்கு ஒரு கடிதம் போகும். ‘உங்கள் கட்டுரை ஏற்கத்தக்கது. கீழே உள்ள ஆறு கட்டுரைகளில் ஒன்றிரண்டையாவது பொருத்தமான இடத்தில் சேர்த்து அனுப்பவும்.’ ஆறும் ‘மலைப்பயிரில்’ வந்தவை. கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. ஆனால் வாசலில் நிற்பவனிடம் வீட்டுக்காரர் கேட்பதை யார் மறுப்பார்கள்? ஒருவர்கூட மறுத்ததில்லை. அந்த ஆறு கட்டுரைகளையும் தேர்ந்தெடுத்துத் தட்டச்சு செய்து அனுப்பியது ரோகிணி.

சேனாதிபதி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் மாணவர் ஒருவருக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போகிறார். மூன்று மணிக்குத் திரும்புவதாகச் சொன்னார். அதற்குள் கையெழுத்தைப் போட்டு ஸ்கேன் எடுத்து வைக்கச் சொன்னார்.

“பொய்யால்ல இருக்கு, என்னங்க,” என்றாள் ரோகிணி.

அவர் நின்று நிதானமாகவே பதில் சொன்னார். நம் மலைவாழையைப் பற்றி எழுதினால் வெளிநாட்டு இதழ்கள் ‘சின்ன வட்டாரத்துக்கு மட்டும் பொருந்தும் ஆய்வு’ என்று திருப்பி அனுப்பிவிடுகின்றன. இங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஓர் இதழை விட்டால் வேறு போக்கிடமில்லை. இதழில் வரும் சரக்கு நல்ல சரக்கு. கூட்டம்தான் இல்லை. கூட்டத்தைக் கொஞ்சம் கூட்டினோம், அவ்வளவுதான்.

“எங்க கடை முன்னாடி நீ நின்னியே, அந்த மாதிரிதான்,” என்றார். சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அது அவர்கள் வீட்டுப் பழைய கதை. சேனாதிபதியின் குடும்பத்துக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. தைப்பூசத்துக்கு நடந்து வரும் பக்தர்கள் கூட்டம் இருக்கும் கடையில்தான் வாங்குவார்கள். அதனால் வெள்ளனே கடை திறந்ததும் சொந்தக்காரர்களே பையோடு முன்னால் வந்து நிற்பார்கள், வாங்க வந்தவர்கள்போல. கல்யாணமாகி வந்த முதல் தைப்பூசத்தில் ரோகிணியும் நின்றாள். பத்துப் பேர் நின்றால் பதினோராவது ஆள் தானாக வருவான் என்று மாமனார் சொல்லிக் கொடுத்தார். வரத்தான் செய்தான்.

பதினொரு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். தாண்டிக்குடிக்குக் கீழே, காட்டை ஒட்டிய ஊர்க்காரி. தேனும் கடுக்காயும் எடுத்து, எஸ்டேட் வேலைக்கும் போகிற குடும்பம். அந்த ஊரில் முதல் முதலில் முனைவர் பட்டம் வாங்கியவள். ரோகிணி பெயரால் மட்டுமே அவளை அறிவாள். பாண்டீஸ்வரி.

“சார் இருக்காங்களா மேடம்?”

மூன்று மணிக்கு வருவார் என்று சொல்லி ரோகிணி உள்ளே அழைத்தாள். காப்பி கொடுத்தாள். பாண்டீஸ்வரி டம்ளரைத் தொடாமல் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். வாழை விவசாயிகள் சங்கம் ஒன்று போட்ட கையேடு. பதினெட்டாம் பக்கத்தை மடித்து வைத்திருந்தாள்.

‘முடிக்கொத்து நோய் கண்ட மரத்தை வேரோடு தோண்டி எடுத்தபின், நாற்பத்தைந்து நாள் ஆறவிட்டு அதே குழியில் புதுக் கன்று நடலாம். நோய் திரும்ப வராது. இதை ஆய்வாளர் பாண்டீஸ்வரி நிரூபித்துள்ளார்.’

“உன் பேரு புஸ்தகத்துல வந்திருக்கே. நல்லதுதானம்மா,” என்றாள் ரோகிணி.

“நான் அப்பிடி எழுதவே இல்ல மேடம்.”

“எழுதிருக்கியேம்மா. ரெண்டு வருஷத்துக்கு முந்தி, மார்ச் இதழ். நாப்பத்தொண்ணாம் பக்கம்.” பக்க எண்கள் ரோகிணிக்கு மனப்பாடம். அலமாரியிலிருந்து அந்த இதழை எடுத்துப் பிரித்தாள்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் காப்பிக் காய்த் துளைப்பான் வண்டைப் பற்றி வேறொருவர் எழுதிய கட்டுரை இருந்தது.

அவள் முன்னும் பின்னும் புரட்டினாள். உள்ளடக்கத்தைப் பார்த்தாள். பாண்டீஸ்வரி என்ற பெயரே அதில் இல்லை.

“அச்சுக்குப் போக எட்டு நாள் இருக்கறப்ப நானே வேணாம்னு எழுதித் திரும்ப வாங்கிட்டேன் மேடம். சாருக்குத் தெரியும்.”

ரோகிணிக்குப் பிடிபட்டது.

மேற்கோள் கணக்கில் இரண்டு ஆண்டுதான் கெடு. அதற்குள் காட்டப்பட்டால்தான் கட்டுரை எண்ணிக்கையில் சேரும். எனவே இதழ் வெளிவரும் முன்பே, வரப்போகும் கட்டுரைகளின் பெயர்களை எடுத்து அந்த ஆறு கட்டுரைப் பட்டியலில் சேர்த்துவிடுவது அவள் வழக்கம். அந்த மார்ச் இதழுக்கும் மூன்று வாரம் முன்பே சேர்த்துவிட்டாள். பாண்டீஸ்வரி கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் சேனாதிபதி ரோகிணியிடம் சொல்ல மறந்து அந்த இடத்தில் காப்பி வண்டுக் கட்டுரையைப் போட்டார். அச்சகத்தில் இதழைத் திருத்தினார்கள். கணினியில் கிடந்த பட்டியலைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பட்டியல் ஓராண்டு முழுக்க, ஒவ்வொரு ஏற்புக் கடிதத்தோடும் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்த கட்டுரைகளை அதே பட்டியலோடு ஒத்துப்பார்த்துச் சரி போட்டவளும் அவளே.

மேற்கோள்களை எண்ணும் அந்த அமைப்பின் கணினியும் தடுக்கவில்லை. அது கட்டுரையைத் தேடிப்போய்ப் பார்ப்பதில்லை. இதழின் பெயரும் ஆண்டும் சரியாக இருந்தால் ஒன்று என்று எண்ணிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பக்கத்தில் வாழை இருக்கிறதா வண்டு இருக்கிறதா என்பது அதற்கு வேண்டாத சோலி.

இருவரும் போன ஆண்டின் நான்கு இதழ்களையும் தரையில் பரப்பி உட்கார்ந்தார்கள். ரோகிணி பட்டியல்களைப் படித்தாள், பாண்டீஸ்வரி பென்சிலால் கோடு போட்டாள். நாற்பது கட்டுரைகளில் பதினான்கில் அந்தக் கட்டுரை இருந்தது. உலகத்தில் இல்லாத ஒரு கட்டுரையைப் பதினான்கு பேர் ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள். தலைப்பிலேயே நாற்பத்தைந்து நாள் கணக்கு இருந்தது; அதை வைத்து ஒருவர் எழுதியதைப் பார்த்துத்தான் கையேட்டுக்காரர்கள் எடுத்திருக்க வேண்டும்.

ஒன்பதாவதுக்கு வந்தபோது ரோகிணி படிப்பதை நிறுத்தினாள்.

“யாரு மேடம்?”

“ஜெயப்பிரியா. எம் பொண்ணு.”

ஜெயப்பிரியா தாண்டிக்குடிப் பக்கம் ஒரு பண்ணையில் ஆய்வாளர். திங்கட்கிழமை அவளுக்குப் பதவி உயர்வு நேர்காணல். அதற்கு ஐந்து கட்டுரைகள் வேண்டும். அவளிடம் இருப்பது சரியாக ஐந்து. அதில் ஒன்றுதான் ரோகிணி மடியில் கிடந்தது. அதில் அவள் எழுதியிருந்தாள்: ‘பாண்டீஸ்வரியின் நுட்பமான கள ஆய்வு இதைத் தெளிவாக உணர்த்துகிறது.’

பாண்டீஸ்வரி அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அதன் கீழும் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

“நீ ஏன்மா அத திரும்ப வாங்கின?” என்று கேட்டாள் ரோகிணி.

பாண்டீஸ்வரி பொறுமையாக விளக்கினாள். முடிக்கொத்து நோய் வந்த வாழையில் புது இலைகள் விரியாமல் குட்டையாக, விறைப்பாக, உச்சியில் கொத்தாக நின்றுவிடும். அந்த மரம் குலை தள்ளாது. கிழங்கில் ஒரு துண்டு மண்ணுக்குள் மிஞ்சினாலும் அதிலிருந்து முளைக்கிற பக்கக் கன்றில் நோய் இருக்கும். அசுவினிப் பூச்சி அதன் சாற்றைக் குடித்துவிட்டு அடுத்த மரத்துக்குக் கொண்டு போகும். அவள் அறுபது குழிகளில் சோதித்தாள். முதல் ஆண்டு அறுபதும் நன்றாக வந்தன. அதைத்தான் எழுதி அனுப்பினாள். பதினான்காம் மாதம் இரண்டு கன்றில் இலை கொத்தாகி நின்றது. அன்றைக்கே கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டாள். இரண்டாம் ஆண்டு முடிவில் அறுபதில் இருபத்துமூன்று போய்விட்டன.

“அப்ப கையேடு சொல்றது தப்பு.”

“ஆமா மேடம்.” அவள் டம்ளரை நகர்த்தி வைத்தாள். “எங்கப்பா மலையன், நூத்தி நாப்பது கன்னு அப்பிடித்தான் நட்டுருக்காரு. அவருக்குப் படிக்கத் தெரியாது. சங்கத்துல ஒருத்தரு வாசிச்சுக் காட்டிருக்காரு, உம் மக பேரு போட்டிருக்குன்னு. என்னைய ஒரு வார்த்த கேக்கல. எதுக்குக் கேக்கணும், நான் சொன்னதுதானேன்னு நெனச்சிருக்காரு. போன வாரம் போயி நின்னு பாத்தேன். பாதி கொத்தி நிக்குது.”

ரோகிணி மடியில் கிடந்த இதழை மூடி வைத்தாள்.

“என்ன வேணும்னு வந்திருக்க?”

“எம் பேர எடுக்கணும் மேடம். பதினாலுலயும். எடுத்தாச்சுன்னு ஒரு எழுத்துக் குடுத்தாத்தான் சங்கத்துல அடுத்த நடவ நிறுத்துவாங்க. நான் வாயால சொன்னா, ‘நீயே எழுதிட்டு நீயே மாத்துறியா’ன்னு கேக்குறாங்க.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். “குத்தம் சொல்ல வரல மேடம். எனக்கும் அந்த லிஸ்ட்டு வந்துச்சு. நானும் ரெண்டு போட்டேன்.”

ரோகிணி அவளுக்குச் சோறு போட்டாள். பிறகு கொல்லைப்பக்கம் போய் மகளுக்குப் போன் செய்தாள்.

ஜெயப்பிரியா முதலில் நேர்காணலைப் பற்றித்தான் பேசினாள். எந்தச் சேலை கட்டுவது என்று கேட்டாள். ரோகிணி குறுக்கிட்டு அந்த வரியைப் படித்துக் காட்டினாள். அந்தக் கட்டுரையைப் படித்தாயா என்று கேட்டாள்.

எதிர்முனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அப்பா லெட்டர்ல இருந்துச்சு. போட்டேன். எல்லாரும் அப்பிடித்தானம்மா.”

“நுட்பமான கள ஆய்வுன்னு எழுதிருக்க.”

“சும்மா பேர மட்டும் போட்டா ஒட்டாதுல்ல.” பிறகு குரல் மாறியது. “அந்த லிஸ்ட்ட அனுப்புனது நீதானம்மா.”

ரோகிணி ஆமாம் என்றாள். நடந்ததை முழுதும் சொன்னாள். இன்று மாலை பதில் போக வேண்டும் என்பதையும் சொன்னாள். அந்தப் பதினான்கு கட்டுரைகளின் பெயரும் வெளியே வந்தால் ஐந்தில் ஒன்று சந்தேகத்தில் விழும், திங்கட்கிழமை நான்கை வைத்துக்கொண்டு போய் நிற்க முடியாது என்பதை அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை.

“நான் வர்றேன். வெரசா வர்றேன். நான் வர்ற வரைக்கும் எதையும் அனுப்பாத,” என்று ஜெயப்பிரியா வைத்துவிட்டாள். மணி இரண்டே கால். தாண்டிக்குடியிலிருந்து ஜீப் பிடித்து, பஸ் மாறி வர ஐந்தரை ஆகிவிடும்.

சேனாதிபதி மூன்று மணிக்குச் சொன்னபடி வந்தார். தரையில் பரந்து கிடந்த இதழ்களைப் பார்த்தார். பாண்டீஸ்வரியைப் பார்த்தார். ரோகிணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பதினான்கு கோடுகளையும் தானே ஒருமுறை சரிபார்த்தார். ஒன்பதாவதில் அவர் விரல் நின்றது.

தவறு நடந்துவிட்டது என்பதை அவர் மறுக்கவில்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தக் குறிப்புப் போட்டுவிடலாம் என்றார். பாண்டீஸ்வரிக்கும் கையோடு ஒரு கடிதம் கொடுத்துவிடலாம். ஆனால் இன்றைக்குப் போக வேண்டியது போகட்டும். இந்தப் பதினான்கைச் சொன்னால் மீதி ஐம்பத்தேழும் எப்படி வந்தன என்று கேட்பார்கள். இதழ் போய்விடும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அதில் எழுதியிருக்கிறார்கள்.

“நம்ம வீட்டுப் பிள்ளையும்,” என்றார் கடைசியாக, மெதுவாக.

“தெரியும்ங்க.”

“பின்ன?”

“நான் கடை முன்னாடி நின்னேன். வாஸ்தவம்தான். ஆனா கையில குடுத்த பஞ்சாமிர்தத்தத் தின்னு பாத்தேன்ங்க. நல்லா இருந்துச்சு. யாராச்சும் கேட்டா நல்லா இருக்குன்னு சொல்ல வாயி வந்துச்சு.” ரோகிணி தரையைக் காட்டினாள். “இங்க பதினாலு பேரும் வெறும் டப்பாவக் காட்டி, தின்னோம், இனிப்பா இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அந்த டப்பாவ நான்தான் அவங்க கையில குடுத்தேன். இந்தப் பிள்ளையோட அப்பா அத நம்பி நட்டுட்டாரு.”

சேனாதிபதி பாண்டீஸ்வரி பக்கம் திரும்பினார். என்ன இருந்தாலும் அவர் பயிர் ஆராய்ச்சிக்காரர்.

“ரெண்டாம் வருஷக் கணக்கு வச்சிருக்கியா?”

அவள் பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக் கொடுத்தாள். குழி வாரியாக, மாத வாரியாக அட்டவணை. எந்தக் குழியில் கிழங்குத் துண்டு மிஞ்சியிருந்தது, அங்கே எத்தனை மாதத்தில் நோய் வந்தது என்பது வரை இருந்தது. சேனாதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். படிக்கப் படிக்க முதுகு நிமிர்ந்தது. எந்தக் குழி எந்தப் பக்கச் சரிவில் என்று இடையில் ஒன்று கேட்டார். அவள் சொன்னாள்.

“ரொம்ப சுத்தமான வேல இது. இத ஏன் நீ எங்கயும் போடல?”

“அனுப்பினேன் சார்.”

“எங்க?”

“ஒங்களுக்குத்தான்.”

கோப்பின் கடைசியில் அவருடைய பதில் செருகியிருந்தது. பத்து மாதம் முந்தைய தேதி. ‘பலனளிக்காத முறையைப் பற்றிய ஆய்வு. பிற ஆய்வாளர்கள் இதை மேற்கோள் காட்டும் வாய்ப்புக் குறைவு. வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம்.’ கீழே அவர் கையெழுத்து.

சேனாதிபதி தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தாளைக் கோப்பில் திரும்பச் செருகினார்.

அவர் அன்று போட்டது தவறான கணக்கு அல்ல என்பதுதான் கொடுமை. தோற்றுப்போன முறையை யாரும் அதிகம் காட்ட மாட்டார்கள். எண்பது கட்டுரையில் அது ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும், வகுக்கும் எண்ணில் ஒன்றாக நிற்கும், மேலே இருக்கும் எண்ணைக் கூட்டாது. இதழுக்கு நல்லது என்று நினைத்து ஒதுக்கினார். உண்மையான கட்டுரை மேற்கோள் பெறாது என்று திரும்பிப் போனது. இல்லாத கட்டுரை பதினான்கு மேற்கோள் பெற்றது. இரண்டையும் எழுதியதாக இருந்த பெயர் ஒன்றே.

அவர் எழுந்து வெளியே போனார். வாசலில் மஞ்சுப் பனிமூட்டம் இறங்கியிருந்தது.

மணி நான்கு. ரோகிணி கணினிமுன் உட்கார்ந்து ஒரு புதுக் கடிதம் அடித்தாள். எழுபத்தொரு மேற்கோள்களும் எழுதியவர்களின் விருப்பத்தால் மட்டும் வந்தவை அல்ல என்று எழுதினாள். ஏற்புக் கடிதத்தோடு ஒரு பட்டியல் அனுப்பியதை எழுதினாள். அதில் வெளிவராத ஒரு கட்டுரை தன் கவனக்குறைவால் இடம்பெற்றது என்றும், அதைக் காட்டிய பதினான்கு கட்டுரைகளின் விவரம் இணைப்பில் உள்ளது என்றும் எழுதினாள். அச்செடுத்து மேசைமேல் வைத்தாள். பழைய கடிதத்துக்குப் பக்கத்தில், இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டு. ஒன்றில் மட்டும் தன் பெயரை எழுதினாள்.

நாலரைக்கு அவர் உள்ளே வந்தார். நின்றபடியே படித்தார். வழக்கப்படி கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது.

‘என் கவனக்குறைவால்’ என்று இருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்து அடித்தார். ஓரத்தில் எழுதினார்: ‘இந்தப் பட்டியலை அனுப்பும் முறையை ஏற்படுத்தியவர் ஆசிரியர். பொறுப்பு அவருடையது.’ பிறகு இன்னொரு வரி சேர்த்தார். பாண்டீஸ்வரியின் இரண்டாம் ஆண்டு ஆய்வைத் தான் எந்தக் காரணம் சொல்லி மறுத்தார் என்பதை, அதே சொற்களில்.

“இதத் திருத்தி அடி,” என்றார்.

அவள் அடித்தாள். இணைப்புப் பட்டியலைத் தட்டும்போது எட்டாவது பெயர்வரை கை ஓடியது. ஒன்பதாவதில் விசைப்பலகைமேல் விரல்கள் வைத்தபடி நிறுத்திவிட்டாள்.

“தள்ளு,” என்றார் சேனாதிபதி. அந்தப் பெயரை அவரே ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். பத்தாவதிலிருந்து மறுபடி ரோகிணி.

அச்செடுத்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பாண்டீஸ்வரிக்கு ஒரு நகல் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

“அப்பா தோட்டத்துல கொத்தி நிக்கிறத மொதல்ல எடுக்கச் சொல்லு. கிழங்கு ஒரு துண்டு விடாம,” என்றார்.

“நேத்தே ஆரம்பிச்சுட்டாரு சார்.”

நான்கு ஐம்பத்திரண்டுக்குக் கடிதம் போனது.

ஐந்தேகாலுக்குப் பாண்டீஸ்வரி கிளம்பினாள். பண்ணைக்காடு பஸ்ஸைப் பிடித்தால்தான் அவள் இன்றைக்கே ஊர் சேரலாம். தூறல் போட்டதால் ரோகிணி குடையை எடுத்துக்கொண்டு சாலை வரை கூட வந்தாள். டீக்கடைக்கு எதிரே இருவரும் ஒரே குடைக்குள் நின்றார்கள். பாண்டீஸ்வரி கடித நகலை நனையாமல் பைக்குள் தள்ளினாள்.

கொடைக்கானல் போகும் பஸ் மேடேறி வந்து எதிர்ப்பக்கம் நின்றது. ஜெயப்பிரியா இறங்கினாள். தோளில் லேப்டாப் பை, கையில் நேர்காணலுக்கு பைண்டு போட்டு வாங்கிய கோப்பு. அம்மாவைக் கண்டதும் சாலையைக் குறுக்காகக் கடந்து ஓடி வந்தாள். தலைமுடியில் நீர் சொட்டியது.

“அனுப்பிட்டியா?”

பக்கத்தில் நிற்பவளை அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் யாரென்று தெரிந்திருக்காது.

கீழே போகும் பண்ணைக்காடு பஸ் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. கண்டக்டர் கதவைத் திறந்துவிட்டு, வெரசா ஏறச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

ரோகிணி குடையை மகள் பக்கமும் கொஞ்சம் சாய்த்தாள்.

“ஜெயா,” என்றாள். “இவங்கதான் பாண்டீஸ்வரி.”

ஜெயப்பிரியா கையிலிருந்த கோப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

பாண்டீஸ்வரி ஏறவில்லை. குடைக்குள் ஜெயப்பிரியாவுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றாள்.